சொந்த இரத்தமும் முகப் பொலிவும்

(வியாபாரிகளுக்கு ஒரு பாடம்)



கல்யாணம் பேசி முடித்த வீடுகளிலும், வயது நாற்பதைத் தாண்டியவர்கள் கூடும் இடங்களிலும் இப்பொழுது ஒரு சிகிச்சையைப் பற்றிய பேச்சு அதிகமாயிருக்கிறது. கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து, அதை ஓர் இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் பிரித்து, அதனை அவரவர் முகத்திலேயே ஊசியால் ஏற்றுவதுதான் அந்தச் சிகிச்சை. இதனால் சுருக்கம் மறையும், பரு வடு ஆறும், முகம் பொலிவு பெறும் என்கிறார்கள். டாக்டர்கள் இதனைச் சுருக்கமாகப் ‘பி.ஆர்.பி.’ என்பார்கள். அமெரிக்கர்கள் ‘இரத்தக் காட்டேரி’யின் பெயரை இதற்குச் சூட்டிவிட்டார்கள்.

இதைச் செய்துகொள்ளச் சொல்பவர்கள் முதலில் எடுத்து வைக்கும் வார்த்தை ஒன்று உண்டு. “வெளி மருந்து எதுவுமில்லை, உங்கள் சொந்த இரத்தந்தானே!” என்பதே அது. கேட்பவர் மனம் உடனே இளகிவிடுகிறது. சொந்த வீட்டுச் சோறு வயிற்றைக் கெடுக்குமா என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

இந்த ஒரு வார்த்தையை நிறுத்துப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கமாகும். இதை எழுதுகிறவன் டாக்டர் அல்லன். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்து, பாசிர் ரிஸ்ஸில் கடை வைத்திருப்பவன். ஆயினும் அரிசி மூட்டையின் மேல் அச்சிட்ட பெயரை நம்பி நாம் கொள்முதல் செய்வதில்லை. குத்தூசியை மூட்டையின் அடிவரை செலுத்தி, அரிசியைக் கையில் கொட்டிப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். ஐந்து வெள்ளிச் சரக்கிற்குக் காட்டும் அந்தக் கவனத்தை நம் மக்களின் முகத்திற்கும் உயிருக்கும் காட்ட வேண்டாமா?

1. இரத்தத்தில் இருப்பவை யாவை?

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. பார்வைக்கு ஒரே சிவப்பாகத் தெரிந்தாலும் அதில் நான்கு பொருள்கள் கலந்திருக்கின்றன. பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கு, வைக்கோல் நிறமுள்ள பிளாஸ்மா என்னும் நீர். அதில் மிதப்பவை சிவப்பணுக்கள், வெள்ளணுக்கள், தட்டணுக்கள் என்பவை. சிவப்பணு மூச்சுக்காற்றைச் சுமக்கிறது. வெள்ளணு நோயோடு போராடுகிறது. தட்டணு காயத்தை அடைக்கிறது.

தட்டணு என்றால் பலருக்குப் புரியாது; ‘பிளேட்லெட்’ என்றால் புரிந்துவிடும். டெங்கிக் காய்ச்சல் கண்டவரின் வீட்டில் தினமும் விசாரிக்கப்படுவது இதன் எண்ணிக்கைதான். ஆரோக்கியமான உடலில் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில், அதாவது ஒரு சிறு துளிக்கும் மிகக் குறைந்த அளவில், சுமார் 1,50,000 முதல் 4,00,000 வரை தட்டணுக்கள் இருக்கும். எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் இவை உண்டாகி, எட்டுப் பத்து நாள் வாழ்ந்து மறைகின்றன.

விரலில் கத்தி பட்டால் தட்டணுக்கள் அவ்விடத்திற்கு ஓடிவந்து, ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பை உண்டாக்குகின்றன. அதோடு அவற்றின் வேலை முடிவதில்லை. தம்முள் பொதிந்து வைத்திருக்கும் சில சத்துக்களை அங்கே அவிழ்த்து விடுகின்றன. ‘வளர்ச்சிக் காரணிகள்’ எனப்படும் அச்சத்துக்கள், புதிய சதையும் புதிய நரம்புக் குழாய்களும் வளரும்படி பக்கத்திலுள்ள அணுக்களைத் தூண்டுகின்றன. காயம் தானே ஆறுகின்றதென்று நாம் சொல்வது இவ்வாறு நடைபெறுகிறது. படைத்த ரப்பு ஒவ்வொருவர் உடலிலும் ஒரு வைத்தியரைக் குடிவைத்திருக்கிறான் என்று சொன்னாலும் மிகையாகாது.

2. சிகிச்சை செய்யும் முறை

காயத்தில் ஆறுதலைத் தருகின்ற தட்டணுவைத் திரட்டித் தளர்ந்த தோலில் செலுத்தினால் அங்கும் புதுமை உண்டாகாதா? இந்த யோசனையே சிகிச்சைக்கு அடிப்படை. யோசனையில் தவறில்லை.

கை நரம்பிலிருந்து வழக்கமாக 10 முதல் 20 மில்லிலிட்டர் வரை இரத்தம் எடுக்கிறார்கள். சில முறைகளில் அதற்கு மேலும் எடுப்பதுண்டு. உறையாதிருக்க மருந்து தடவிய கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றி, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் சில நிமிஷங்கள் வைக்கிறார்கள். தயிரைக் கடைந்தால் வெண்ணெய் தனியே திரள்வதுபோல், இங்கே கனத்த சிவப்பணு அடியில் தங்கும். நடுவில் மெல்லிய வெண்ணிறப் படலம் நிற்கும். மேலே பிளாஸ்மா தெளியும். தட்டணு மிகுந்த பகுதியை மட்டும் உறிஞ்சி எடுக்கிறார்கள். சாதாரண இரத்தத்தில் உள்ளதைப்போல் சுமார் மூன்று முதல் ஐந்து மடங்கு தட்டணு அதில் இருக்கும்.

பிறகு அதனை முகத்தில் பல இடங்களில் நுண்ணூசியால் ஏற்றுவர். அல்லது, சிறு சிறு ஊசிகள் பதித்த கருவியால் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இட்டு, அதன்மேல் தடவுவர். ஒரு முறையோடு முடிவதில்லை. மாதம் ஒன்றாக மூன்று முறை செய்வது சாதாரண வழக்கம். செய்த பின் ஓரிரு நாள் முகம் சிவந்து வீங்கியிருக்கும், கன்றிப்போவதும் உண்டு.

3. இது பிறந்த இடம்

இந்த முறை அழகு நிலையத்தில் பிறந்ததன்று. 1970-ஆம் ஆண்டுகளில், தட்டணு குறைந்த நோயாளிகளுக்காக இரத்த வைத்தியர்கள் இதனைக் கையாண்டார்கள். 1998-இல் அமெரிக்காவில் மார்க்ஸ் என்னும் தாடை அறுவை நிபுணரும் அவர் குழுவினரும், தாடை எலும்பு ஒட்டும் சிகிச்சையில் இதைச் சேர்த்தபோது எலும்பு நன்றாகக் கூடியதென்று எழுதினார்கள். அதன் பின்னர் பல் வைத்தியத்திலும், மூட்டு வைத்தியத்திலும், ஆறாத புண்களுக்கும் இதனைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். முகத்திற்கு வந்தது கடைசியில்தான்.

2013-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெயர் பெற்ற கிம் கர்டாஷியன் என்ற பெண்மணி, முகமெல்லாம் இரத்தம் வழிய எடுத்துக்கொண்ட தம் படத்தை உலகத்திற்குக் காட்டினார். ஆராய்ச்சிக் கட்டுரைகள் பதினைந்து ஆண்டுகளில் செய்யாத விளம்பரத்தை அந்த ஒரு படம் ஒரே நாளில் செய்துவிட்டது. அதே பெண்மணி 2018-இல், அது தமக்கு மிகுந்த வலியைக் கொடுத்ததென்றும் இனிச் செய்துகொள்ளப் போவதில்லையென்றும் தெரிவித்தார். முந்திய படம் பரவிய அளவுக்குப் பிந்திய சொல் பரவவில்லை. விளம்பரத்தின் குணம் அது. வியாபாரிகளாகிய நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

4. குத்தூசியை இறக்கிப் பார்ப்போம்: பலன் உண்டா?

‘செய்துகொண்டவர் நன்றாயிருக்கிறது என்கிறாரே’ என்று கேட்கலாம். பணம் கொடுத்தவர் சொல்லும் சாட்சியமும், நடுவர் சொல்லும் சாட்சியமும் ஒன்றாகுமா? இதை அறிய அமெரிக்கத் தோல் வைத்தியர்கள் செய்த ஒரு சோதனை 2018-இல் வெளியாயிற்று. அதன் அமைப்பு நாம் கற்றுக்கொள்ளத் தக்கது.

வெயிலால் தோல் தளர்ந்த 27 பேரை அதில் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கன்னத்தில் அவருடைய இரத்தத்திலிருந்து எடுத்த தட்டணு நீர். மறு கன்னத்தில் வெறும் உப்பு நீர். எந்தக் கன்னத்தில் எது என்று அவருக்குத் தெரியாது. மதிப்பிட வந்த வைத்தியர்களுக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, செய்துகொண்டவர்கள் தட்டணு நீர் ஏற்றிய பக்கமே மென்மையாயிருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் நடுவர்களான வைத்தியர்களின் கண்ணுக்கு இரு கன்னங்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை.

இதிலிருந்து பலனே இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது. செய்துகொண்டவர்கள் ஏதோ ஒரு நயத்தை உணர்ந்திருக்கிறார்கள். ஆயினும் பத்து வயது குறையும், சுருக்கம் அடியோடு மறையும் என்ற பேச்சுக்கு இதில் ஆதாரமில்லை. மற்றொன்றும் உண்டு. இரத்தம் எடுக்கும் அளவு, சுழற்றும் வேகம், தட்டணு சேரும் கணக்கு எல்லாம் இடத்திற்கு இடம் மாறுகின்றன. ஒரே பெயரில் ஒவ்வொரு கடையிலும் வெவ்வேறு சரக்கு விற்றால் அதற்குத் தரம் எப்படிச் சொல்வது?

5. தீங்கு எங்கிருந்து வருகிறது?

சொந்த இரத்தமாகையால் உடல் அதை ஏற்காமல் எதிர்க்கும் அபாயம் குறைவு. இது மெய். ஆனால் இரத்தந்தான் உம்முடையது. ஊசி உம்முடையதன்று, குழாய் உம்முடையதன்று, இயந்திரம் உம்முடையதன்று, ஏற்றுகிற கையும் உம்முடையதன்று. தீங்கு வரும் வாசல்கள் இவையே.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அல்பகர்க்கி என்று ஒரு நகரம். அங்கே லைசென்ஸ் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் இச்சிகிச்சை நடந்து வந்தது. 2018-ஆம் ஆண்டு கோடையில், நடுத்தர வயதுள்ள ஒரு பெண்ணுக்கு எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிந்தது. போதை ஊசியோ, இரத்தம் ஏற்றிக்கொண்டதோ, வேறு காரணமோ அவரிடம் இல்லை. சில மாதங்களுக்கு முன் அந்நிலையத்தில் முகத்திற்கு ஊசி போட்டுக்கொண்டது ஒன்றே இருந்தது. சுகாதார அதிகாரிகள் போய்ப் பார்த்தார்கள். சமையல் மேடையின் மீது பெயர் எழுதாத இரத்தக் குழாய்கள். குளிர்ப் பெட்டியில் உணவோடு உணவாக இரத்தமும் ஊசி மருந்தும். இழுப்பறைகளில் உறை பிரித்த ஊசிக் குழல்கள். கருவிகளைக் கொதி நீராவியில் சுத்தம் செய்யும் பாத்திரமோ இல்லவே இல்லை. நிலையம் அவ்வாண்டே மூடப்பட்டது.

விசாரணை பல ஆண்டு நடந்தது. அமெரிக்க நோய்த் தடுப்பு நிலையம் 2024 ஏப்ரலில் தன் அறிக்கையை வெளியிட்டது. அந்நிலையத்தோடு தொடர்புள்ள ஐவருக்குக் கிருமி இருந்தது. அவர்களில் மூவருக்கேனும் அங்கே போட்ட ஊசியாலேயே அது தொற்றியிருக்கக் கூடுமென்பது அறிக்கையின் முடிவு. அழகுக்காகப் போட்ட ஊசியால் எச்.ஐ.வி. தொற்றியதாக அந்நாட்டில் பதிவானது அதுவே முதல் தடவை. நிலையத்தை நடத்திய பெண்மணிக்கு, லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் செய்த குற்றத்திற்காகச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அந்தப் பெண்களிடமும் ‘உங்கள் சொந்த இரத்தந்தானே’ என்ற வார்த்தையே சொல்லப்பட்டிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். பெயர் எழுதாத குழாயில் இருப்பது யாருடைய இரத்தம்? ஒருவருக்குப் போட்ட ஊசி அடுத்தவருக்கும் போடப்பட்டால், ‘சொந்தம்’ என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள்?

எச்.ஐ.வி. மட்டுமன்று, கல்லீரலைக் கெடுக்கும் ஹெப்பட்டைட்டிஸ் ‘பி’, ‘சி’ என்னும் கிருமிகளும் இவ்வழியே பரவக் கூடியவை. ‘பி’ கிருமி உடலுக்கு வெளியே, உலர்ந்த இரத்தக் கறையில் ஏழு நாள் வரை உயிரோடிருக்கும். துணியால் துடைத்து மட்டும் அது போய்விடாது.

ஊசி சுத்தமாயிருந்தாலும் அது செல்லும் இடம் தவறக் கூடாது. கண்ணைச் சுற்றிய சுருக்கத்திற்காக இந்நீரை ஏற்றிக்கொண்ட ஒருவர், இரத்தக் குழாய் அடைபட்டு ஒரு கண்ணின் பார்வையை மீளாதபடி இழந்த செய்தி 2017-இல் வைத்திய ஏட்டில் வந்தது. இது அபூர்வமே. ஆயினும் முகத்தின் நரம்புக் குழாய்களை அறியாதவர் கையில் ஊசி இருக்கலாகாது என்பதற்கு அந்த ஒரு செய்தி போதும்.

நம்மவர்கள் கவனிக்கவேண்டிய மற்றொரு விஷயம். நம் தோல் மாநிறமும் கறுப்புமானது. இத்தகைய தோலில் ஊசியோ துளையோ பட்டால், அவ்விடம் பின்பு கறுத்துப்போக இடமுண்டு. சிலருக்கு வடு தடித்து மேலெழும்பும். காது குத்திய இடத்திலோ, அறுவை செய்த இடத்திலோ தழும்பு தடித்தவர்கள் இதை அவசியம் டாக்டரிடம் சொல்லவேண்டும். வெள்ளைத் தோலில் எடுத்த ‘முன்பு – பின்பு’ படத்தைப் பார்த்து நம் முகமும் அப்படியாகும் என்று நம்புவது, வேறொருவர் கணக்கைப் பார்த்து நம் லாபத்தை எழுதுவது போன்றது.

இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் (நம் கடை முதலாளிகளில் இருதயத்திற்காக இதைச் சாப்பிடுவோர் பலருண்டு), தட்டணு குறைந்தவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், உடலில் ஏதேனும் தொற்று உள்ளவர்கள் ஆகியோருக்கு இது ஏற்றதன்று. நீரிழிவு கட்டுப்படாதவர்களுக்கும் புண் ஆறுவது தாமதமாகும்.

6. சிங்கப்பூரின் நிலை

இந்நாட்டில் மருத்துவச் சட்டம் கடுமையானது. பதிவு செய்த டாக்டர் அல்லாதவர் இரத்தம் எடுத்து முகத்தில் ஏற்றும் வைத்தியத்தை நடத்த முடியாது. அழகு நிலைய லைசென்ஸ் இதற்குச் செல்லாது. டாக்டர்களிலும் எல்லோரும் எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. 2008-இல் அழகு சிகிச்சை பற்றிய நெறிமுறைகள் வகுக்கப்பட்டபோது, போதிய சான்றுள்ள சிகிச்சைகள் ஒரு பட்டியலாகவும், சான்று குறைந்தவை மற்றொரு பட்டியலாகவும் பிரிக்கப்பட்டன. தோலில் நுண்ணூசியால் துளையிடுவதும், தோல் வெளுக்க ஊசி போடுவதும் இரண்டாவது பட்டியலில்தான் வைக்கப்பட்டன.

தட்டணு நீரைப் பொறுத்தவரையில், அழகுக்காக அதைச் செய்யப் போதிய சான்று இல்லை என்பதே சுகாதார அமைச்சு எடுத்து வந்த நிலை. ஆதலின் இங்குள்ள நேர்மையான மருந்தகங்கள் பல, இதை முகத்திற்குச் செய்வதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகின்றன. ‘அமைச்சின் அனுமதி இருக்கிறது’ என்று யாரேனும் சொன்னால், வாய்ப் பேச்சை ஏற்காமல் அமைச்சிடமே விசாரித்துக்கொள்வது எளிது. டாக்டரின் பெயர் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்பதையும் எவரும் பார்க்கலாம்.

இங்கே கிடைப்பது அரிதாகவே, நம்மவர் சிலர் கடற்பாலத்தைத் தாண்டி ஜொகூர் பாருவிலும், ஊருக்குப் போகும்போது சென்னை, திருச்சி போன்ற நகரங்களிலும் இதனைச் செய்துகொள்ள எண்ணுகிறார்கள். அங்கெல்லாம் நல்ல டாக்டர்களும் உண்டு. நல்ல ஆஸ்பத்திரிகளும் உண்டு. ஆனால் வீடு திரும்பிய மூன்றாம் நாள் முகம் வீங்கிச் சீழ் கோத்தால் யாரிடம் போவது? எந்த மருந்து, எந்த ஊசி என்று இங்குள்ள டாக்டர் கேட்டால் என்ன சொல்வது? திருப்பிக் கொடுக்க முடியாத சரக்கை வெளியூரில் வாங்கும்போது இரு மடங்கு ஜாக்கிரதை வேண்டும்.

7. மார்க்கம் பற்றிய கேள்விகள்

இரத்தம் என்றதும் நம்மவருக்கு ஹலால், ஹராம் என்ற கேள்வி எழுவது இயல்பு. அல்பகரா, அல்மாயிதா, அல்அன்ஆம் ஆகிய சூராக்களில் இரத்தம் விலக்கப்பட்டிருப்பது உணவாக உட்கொள்வதைக் குறித்ததாகும். உயிர் காக்க இரத்தம் ஏற்றுவதை உலமாக்கள் அனுமதித்துள்ளனர். ஆனால் உயிருக்கோ உடலுக்கோ நோய் இல்லாதபோது, வெளியேறிய இரத்தத்திலிருந்து எடுத்ததை அழகுக்காக மறுபடியும் ஏற்றுவது பற்றி அவர்கள் ஒரே முடிவில் இல்லை.

இதில் ஒரு பாகுபாடு நம் சிந்தனைக்கு உதவும். யுத்தத்தில் மூக்கறுபட்ட அர்ஃபஜா என்ற ஸஹாபி வெள்ளியில் மூக்குச் செய்து வைத்துக்கொண்டார். அது நாற்றமெடுக்கவே, பொன்னால் செய்துகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்டிருந்தும், குறையை நிவர்த்திக்க இடங்கொடுக்கப்பட்டது. மற்றொரு பக்கம், அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவதையும், பச்சை குத்துவதையும் அவர்கள் கண்டித்தார்கள். ஆகவே, தீக்காயம், விபத்து, கடுமையான பரு இவற்றால் உண்டான வடுவை ஆற்றுவது ஒரு வகை. வயதினால் வரும் இயற்கையான சுருக்கத்தைக் கண்டு அஞ்சி ஓடுவது வேறு வகை. தம் நிலை எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அவரவர் உஸ்தாதிடம் விவரமாகச் சொல்லிக் கேட்கவேண்டும். முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றத்திலும் கேட்கலாம்.

அன்றாட அமல்களிலும் சில சங்கதிகள் உண்டு. இரத்தம் கசிந்தால் ஷாஃபி மத்ஹபில் ஒளு முறியாது; ஹனஃபி மத்ஹபில் வழிந்தோடினால் முறியும். நம் ஜமாஅத்தில் இரு மத்ஹபினரும் இருப்பதால் இதை அறிந்து வைத்திருப்பது நலம். சிகிச்சைக்குப் பின் சில மணி நேரம் முகத்தில் தண்ணீர் படக்கூடாது என்பார்கள். முகம் கழுவாமல் ஒளு ஏது? அழகுக்காகத் தொழுகையைச் சிக்கலில் மாட்டிவிடலாமா என்பதைச் செய்துகொள்ளும் முன்பே யோசிக்கவேண்டும். பிறகு யோசித்துப் பயனில்லை.

8. கடை வைத்திருப்போர் கடமை

இப்பாடத்தை வியாபாரிகளுக்கென்று எழுதியதற்குக் காரணம் உண்டு. தேக்காவிலும், சிராங்கூன் ரோட்டிலும், அடுக்குமாடிக் கட்டிடங்களின் கீழும் இருக்கும் நம் கடைகள் சாமான் விற்கும் இடங்கள் மட்டுமல்ல. ‘இது நல்லதா, முதலாளி?’ என்று கேட்டு ஜனங்கள் முடிவெடுக்கும் இடங்களும் ஆகும். அழகு சிகிச்சை விளம்பரத் தாளைக் கல்லாப் பக்கத்தில் வைக்கச் சொல்வார்கள். ஆளனுப்பினால் ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷனும் பேசுவார்கள். நமக்குச் செலவில்லாத வருமானம்போல் தோன்றும். ஆனால் அந்தத் தாளை எடுத்துப் போகிற பெண், அச்சிட்டவரை நம்பிப் போவதில்லை. நம் கடையை நம்பிப் போகிறாள்.

தானியக் குவியலில் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது அடியில் ஈரம் தட்டுப்பட்டதும், ஈரத்தை மேலே வைத்து ஜனங்கள் காணச் செய்திருக்க வேண்டாமா என்று வியாபாரியைக் கண்டித்ததும் நாமெல்லாம் மதரஸாவில் ஓதியதே. அந்த வியாபாரி பொய் சொல்லவில்லை. மேலே இருந்த தானியம் நல்ல தானியந்தான். ‘சொந்த இரத்தம்’ என்ற வார்த்தையும் அப்படிப்பட்டதே. மேலே இருப்பது உண்மை. அடியில் இருப்பதைக் காட்டாததே குற்றம். அடியில் கை வைத்துப் பார்க்காமல் எந்தச் சிகிச்சையின் தாளுக்கும் நம் கடையில் இடங்கொடுக்க வேண்டாம்.

9. தோலுக்கு என்ன செய்யலாம்?

குறை சொல்லி நிறுத்திவிட்டால் பாடம் முழுமையாகாது. நாம் வாழும் ஊர் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருக்கிறது. ஆண்டு முழுதும் வெயில் கடுமை. முகச் சுருக்கத்திற்கும் கரும்புள்ளிக்கும் பெருங் காரணம் இந்த வெயில்தான். 30 அல்லது அதற்கு மேற்பட்ட காப்பு எண் உள்ள வெயில் தடுப்புக் களிம்பு, குடை, தொப்பி ஆகியவை மலிவானவை, பலன் நிச்சயமானவை. புகை பிடிப்பது தோலை விரைவில் சுருக்கும். தூக்கமின்மையும் கட்டுப்படாத சர்க்கரையும் தோலுக்குப் பகை.

பருவோ, வடுவோ, படையோ மிகுதியாக இருந்தால் அது நோய். அழகு நிலையத்திற்குரிய விஷயமன்று. பாசிர் ரிஸ்ஸில் உள்ளவர்கள் நம் பலதுறை மருந்தகத்திலேயே முதலில் காட்டலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து தேசியத் தோல் நிலையத்திற்கு அனுப்புவார்கள். அவ்வழியாகப் போனால் உதவித் தொகையும் உண்டு.

10. மனத்தில் பதிக்க

கேள்வி: சொந்த இரத்தம் என்பதால் தீங்கில்லை என்று சொல்லலாமா?
விடை: சொல்லலாகாது. இரத்தம் சொந்தமானாலும் ஊசியும் குழாயும் கையும் சொந்தமல்ல.

கேள்வி: பலன் உறுதியானதா?
விடை: செய்துகொண்டவர் சிறிது நயம் உணர்ந்ததுண்டு, நடுவர் கண்ணுக்கு அது தெரியவில்லை.

கேள்வி: யாரேனும் செய்துகொள்ளத் தீர்மானித்தால் எவற்றைக் கேட்கவேண்டும்?
விடை: டாக்டரின் பெயர் பதிவேட்டில் உண்டா? இச்சிகிச்சைக்கு இங்கே அனுமதி உண்டா? ஊசியும் குழாயும் என் கண்ணெதிரே உறை பிரிக்கப்படுமா? குழாயில் என் பெயர் உடனே எழுதப்படுமா? கெடுதல் நேர்ந்தால் யார் பொறுப்பு? இந்த ஐந்தில் ஒன்றுக்கு விடை மழுப்பினாலும் எழுந்து வந்துவிட வேண்டும்.

கேள்வி: கல்யாணப் பெண்ணுக்குச் செய்யலாமா என்று கேட்டு வருவோருக்கு நாம் சொல்லவேண்டியது என்ன?
விடை: கல்யாணம் சில நாளில் என்றால் வீக்கமும் கன்றலும் மிஞ்சும். நோயில்லாத முகத்தில் ஊசி தேவையில்லை என்று சொல்லி, பெண்ணைப் பெற்றவர் அந்தப் பணத்தை அவள் கையிலேயே கொடுக்கும்படி யோசனை சொல்லலாம்.

சகோதரர்களே! நரையும் சுருக்கமும் வாழ்ந்ததற்குக் கிடைத்த ரசீது. அதைக் கிழித்தெறிய அவசரப்பட்டு, இல்லாத நோயை விலை கொடுத்து வாங்கவேண்டாம். அல்லாஹ் தஆலா நம் அனைவருக்கும் உடல் நலத்தையும், நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியும் தெளிவையும், வியாபாரத்தில் நாணயத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

— ஒரு கடைக்காரர், பாசிர் ரிஸ்